பௌர்ணமி அன்னைக்கு வேலை செய்யுமா

அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அதன் மேல் கோபப்படுவீர்கள். அப்புறம் என் மேல் கோபப்பட உங்களிடம் மிச்சம் இருக்காது.

என் பெயர் மாறன். யூடியூபில் ‘கடுப்பு மாறன்’ என்று தேடினால் வருவேன். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் ஒரு இஞ்சி டீயை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கிற கஃபே ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் ஒரு அறை. அங்கே உட்கார்ந்து புது போன், புது வாட்ச், புது இயர்போன் பற்றியெல்லாம் என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் கேட்கிறார்கள்.

சொந்த அபிப்பிராயம் என்றால் பெரும்பாலும் திட்டுதான். டப்பாவுக்குள் சார்ஜரை வைக்காமல் விட்டுவிட்டு, பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று பேசுகிறவர்களை நான் சும்மா விட்டதில்லை. முழுக் காசு கொடுத்து வாங்கிய போனில் விளம்பரம் போடுகிறவர்களை, பேட்டரியை மாற்ற முடியாதபடி ஒட்டிவைக்கிறவர்களை, அப்டேட் என்று ஒன்றை அனுப்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்த போனைப் படுக்கவைக்கிறவர்களை எல்லாம் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வீடியோவிலும் டப்பாவைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் கையேட்டை எடுத்து, ‘இதை எவன் படிப்பான்’ என்று சொல்லித் தோளுக்குப் பின்னால் தூக்கி எறிவேன். அந்த இடத்துக்காகவே வீடியோ பார்க்கிறவர்கள் உண்டு.

இன்று காலை பத்து மணிக்கு என் அக்கா மகள் ஓவியா வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அங்கே பி.காம் கடைசி வருஷம் படிக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. அவளுடைய அம்மா, என் அக்கா தனம், போன பௌர்ணமியன்று செத்துப்போனாள். சாகும்போது அவள் கையில் நான் கட்டிவிட்ட வாட்ச் இருந்தது. கட்டியிருப்பவர் விழுந்தால் உடனே வீட்டுக்குச் செய்தி அனுப்பும் என்று கம்பெனி சொன்ன வாட்ச். அது அனுப்பிய செய்தி எனக்கு மூன்று மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தது.

அந்த விஷயத்தை நான் சேனலில் நாலு வரி எழுதியதும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். ‘விடாதீங்க அண்ணா’, ‘கோர்ட்டுக்கு இழுங்க’, ‘நாங்க இருக்கோம்’ என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். ஓவியாவும் அதையேதான் சொன்னாள். அந்தக் கம்பெனியை நான் கிழி கிழியென்று கிழிக்க வேண்டும், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். அப்பாவும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் நிற்கிற பெண் கேட்கிறாள், எப்படி மறுப்பது? சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வாட்சைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் ஓவியாவுக்குத் தெரியாது. அதைச் சொல்வதா விடுவதா என்று இருபது நாளாக நான் தூங்கவில்லை.

எங்கள் ஊரில் பௌர்ணமியன்று போன் வேலை செய்யாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். லட்சக்கணக்கான ஜனம் மலையைச் சுற்ற வந்துவிடும். எல்லார் கையிலும் போன். கூப்பிட்டால் போகாது. மெசேஜ் அனுப்பினால் சுற்றிக்கொண்டே கிடக்கும். அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் கிளம்பும்போதே, நடுவில் பிரிந்துவிட்டால் குபேர லிங்கத்திடம் நில், வாயு லிங்கத்திடம் நில் என்று பேசிவைத்துக்கொண்டு கிளம்புவார்கள். வெளியூர்க்காரர்கள்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திக்கொண்டே நடப்பார்கள். அவர்களைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

அக்காவின் கடை அடி அண்ணாமலையில், சுற்றுப்பாதையை ஒட்டி. எலுமிச்சை ஜூஸ், மோர், தண்ணீர் பாட்டில், முறுக்கு. மற்ற நாளில் ஈ ஓட்டும். பௌர்ணமியன்று மூச்சுவிட முடியாது. அவளுக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். அவள் புருஷன் சுப்பன் மாமா செத்த பிறகு பௌர்ணமி தோறும் விரதம் வேறு பிடித்துக்கொண்டாள். நிலா தெரிந்த பிறகுதான் வாயில் ஏதாவது போடுவாள். டாக்டர் வேண்டாம் என்றார், நான் வேண்டாம் என்றேன், ஓவியா அழுது பார்த்தாள். கேட்கவில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. பௌர்ணமியன்று மதியமே நான் கடைக்குப் போய்விடுவேன். எலுமிச்சம்பழம் பிழிகிற சாக்கில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். டம்ளர் கழுவும்போது கை நடுங்கினால், ஒரு மடக்கு சர்க்கரைத் தண்ணீரை அவள் வாயருகே கொண்டுபோவேன்.

“விரதம் முறிஞ்சிடும்டா” என்பாள்.

“மலை ஒண்ணும் கோச்சிக்காது. குடி” என்பேன்.

குடிப்பாள். அப்புறம் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஆறு வருஷம் இப்படித்தான் போனது. ஒரு பௌர்ணமிகூட நான் தவறியதில்லை.

அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்குக் கேள்வி ஜாஸ்தி. எதைப் பார்த்தாலும் அது ஏன், இது எப்படி என்று கேட்பாள். நான் புது போன் எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும், தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். எனக்குப் பொறுமை கம்மி. நாளெல்லாம் ஊருக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கேள்வியா என்று எரிச்சல் வரும். ‘போக்கா, உனக்குச் சொன்னா புரியாது’ என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவள் கோபித்துக்கொண்டதில்லை. ‘ஆமா, எனக்கு இன்னா தெரியும்’ என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சேனலில் நான் வேறு ஆள். யார் கேள்வி கேட்டாலும் ‘நண்பா’ என்று கூப்பிட்டுத்தான் பதில் எழுதுவேன். அங்கே மலையடி என்ற பெயரில் ஒருவர் உண்டு. மூன்று வருஷமாக ஒரு வீடியோ விடாமல் பார்த்து, முதல் ஆளாக வந்து ஏதாவது கேட்பார். குரலில் பேசி எழுதவைக்கிறவர் போல, அவர் எழுத்தில் புள்ளியோ கமாவோ இருக்காது. ஈரக் கையோடு தொட்டால் வேலை செய்யுமா என்று கேட்பார். அடுப்புச் சூட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு இந்த போன் சரிப்படுமா என்று ஒரு தடவை கேட்டார். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிக்கும். ரிட்டயர்டு வாத்தியார் யாராவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நேரலையில் வெளிப்படையாகவே சொன்னேன், கம்பெனியில் சம்பளம் வாங்குகிற இன்ஜினியருக்கு இல்லாத மூளை நம்ம மலையடி நண்பருக்கு இருக்கிறது என்று.

அந்த வாட்ச் போன பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. விமர்சனம் செய்யச் சொல்லி கம்பெனியே அனுப்பியிருந்தது. பெரிய கம்பெனி வாட்ச்கள் விற்கிற விலையில் நாலில் ஒரு பங்குதான். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். பெரிய கம்பெனிக்காரன் பணக்காரனுக்கு மட்டும்தான் நெஞ்சு வலி வரும் என்று நினைத்து விலை வைக்கிறான், இதோ நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று வந்திருக்கிறது என்று வீடியோவில் முழங்கினேன். வழக்கம்போலக் கையேட்டைப் பின்னால் எறிந்தேன். வாட்சைக் கட்டிக்கொண்டு மெத்தையில் தொபுக்கென்று விழுந்து காட்டினேன். எட்டு செகண்டில் இன்னொரு போனுக்குச் செய்தி வந்தது. ‘எட்டே செகண்டில் உயிர் காக்கும் வாட்ச்’ என்று தலைப்பு வைத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. செங்கம் ரோட்டில் நாலு சாமியாரும் ரெண்டு நாயும் தவிர யாருமில்லை.

முதல் கேள்வி மலையடியிடமிருந்துதான் வந்தது. ‘தம்பி இது பௌர்ணமி அன்னைக்கு வேலை செய்யுமா’ என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. செய்யாது. எப்படிச் செய்யும்? போனுக்கே சிக்னல் இல்லாதபோது வாட்ச் எதைப் பிடித்துக்கொண்டு செய்தி அனுப்பும்? அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் வீடியோவின் தலைப்பு பொய் என்று ஆகிவிடும். அன்றைக்கு வீடியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளில் நாற்பதாயிரம் பேர். ‘அருமையான கேள்வி மலையடி நண்பரே, வர்ற பௌர்ணமிக்குச் சோதிச்சுட்டுச் சொல்றேன்’ என்று எழுதி, கூடவே ஒரு சிவப்பு இதயமும் போட்டேன். ‘சரி தம்பி அவசரமில்ல’ என்று அவர் பதில் எழுதினார். அத்தோடு அதை மறந்தேன்.

இதுதான் ஓவியாவுக்குத் தெரியாத விஷயம். எனக்குத் தெரியும். கேட்கப்பட்டு, யோசித்து, தெரிந்து, சொல்லாமல் விட்டேன்.

வீடியோ முடிந்ததும் அந்த வாட்சை அக்காவுக்கே கட்டிவிட்டேன். அவள் போனோடு அதை இணைத்து, விழுந்தால் செய்தி போக வேண்டிய நம்பர் என்ற இடத்தில் என் நம்பரைப் போட்டேன். அவள் அந்த வாட்சை வளையலைத் தள்ளிவிட்டுக் கட்டிக்கொண்டாள். பக்கத்துப் பொரிக் கடை முருகையனிடம் காட்டி, என் தம்பி குடுத்தது என்று சொன்னாளாம்.

போன பௌர்ணமியன்று சாயந்திரம் ஐந்தரைக்கு ஒரு பெரிய கம்பெனி புது போன் வெளியிடுவதாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நேரலையில் கருத்துச் சொல்வது எங்கள் தொழிலில் திருவிழா மாதிரி. முந்தின நாள் இரவு சாப்பிடும்போது அக்காவிடம், நாளைக்கு நான் கடைக்கு வரமாட்டேன் என்றேன். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“கொஞ்ச நேரமாச்சும் வந்து நிக்கக் கூடாதாடா” என்றாள்.

“அப்ப வாட்ச் எதுக்குக் கட்டி விட்டேன்? சும்மா நொய்நொய்னு இருக்காத” என்றேன்.

அவள் எதையோ கேட்க வாயெடுத்தாள். பிறகு கேட்கவில்லை. ரசம் ஊற்றினாள். அது அவள் எனக்குப் போட்ட கடைசிச் சாப்பாடு.

மறுநாள் ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு, நிலா எழும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஐஸ் எடுக்கக் கடைக்குப் பின்னால் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாள். சர்க்கரை இறங்கிவிட்டது. விழும்போது தண்ணீர் டிரம்மின் விளிம்பில் தலை இடித்திருக்கிறது. கடைக்கு முன்னால் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஜூஸ் கேட்டு நின்றவர்கள் ஆள் இல்லை என்று அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். ஒலிபெருக்கியில் சாமி பாட்டு. முருகையன் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் போல என்று நினைத்திருக்கிறார். ஆறு நாற்பதுக்குத்தான் போய்ப் பார்த்திருக்கிறார். அவள் விழுந்து கிடந்த இடத்துக்கும் கடையில் சர்க்கரை டப்பா இருந்த இடத்துக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. அதை நான் அப்புறம் போய் நடந்து பார்த்தேன்.

முருகையன் எனக்கு ஏழு தடவை போன் போட்டிருக்கிறார். போகவில்லை. ஒரு பைக் பிடித்து ஆள் அனுப்பினார். அந்த ஆள் வந்து கதவைத் தட்டியபோது மணி ஏழேகால். இரண்டாயிரத்து முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்த நேரலையில், அந்தப் புதுப் போனின் கேமரா ஏன் தண்டம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தட்டுகிற சத்தம் அதில் பதிவாகியிருக்கிறது. ‘எவன்டா இந்த நேரத்துல’ என்று நான் சலித்துக்கொள்வதும் பதிவாகியிருக்கிறது. அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்சம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு, அக்காவின் காலடியில் நான் நின்றுகொண்டிருக்கும்போது, என் பாக்கெட்டில் போன் அலறியது. ‘தனம் கீழே விழுந்துவிட்டார். அவருக்கு உங்கள் உதவி தேவைப்படலாம்’ என்று செய்தி. கீழே மேப். அடி அண்ணாமலையில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு கம்பெனிக்காரர்கள் மெயில் அனுப்பினார்கள். ஆழ்ந்த இரங்கல், கையேட்டில் பதினான்காம் பக்கம் பார்க்கவும் என்றிருந்தது. நான் நாற்காலியை நகர்த்திப் பின்னால் பார்த்தேன். அங்கே நான் வருஷக்கணக்காக எறிந்த கையேடுகள் குப்பையாகக் கிடந்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். பதினான்காம் பக்கத்தில், தமிழிலேயே, கூட்ட நெரிசல் உள்ள இடங்களில் நெட்வொர்க் கிடைக்காமல் செய்தி தாமதமாகலாம், இந்தக் கருவியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிகிற தமிழ். கம்பெனி யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. டப்பாவின் மேல் உயிர் காக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, காக்காது என்பதைப் பதினான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறவர்களை எனக்குத் திட்டத் தெரியும். ஆனால் அந்தப் பெரிய எழுத்தை என் குரலில் படித்துக் காட்டியது யார்? பொடி எழுத்தைத் தோளுக்குப் பின்னால் எறிந்தது யார்?

இன்று காலை ஓவியா வந்ததும் பையிலிருந்து அவள் அம்மாவின் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்ததிலிருந்து அணைத்தே வைத்திருந்தாளாம். வாட்ச் செய்தி அனுப்ப எத்தனை தடவை முயற்சி செய்து தோற்றது என்பது இதில் இருக்கும், அதைக் காட்டிப் பேசினால்தான் அந்தக் கம்பெனி வாயைத் திறக்க முடியாது என்றாள். நல்ல யோசனை. அம்மாவைப் போலவே அவளுக்கும் மூளை. நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் போனை உயிர்ப்பித்தாள். அக்கா ஒன்றிரண்டு தடவை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது நான் வைஃபை போட்டுக் கொடுத்திருந்தேன். போன் அதைத் தானாகப் பிடித்துக்கொண்டது.

பிடித்ததும் டிங் டிங்கென்று சத்தம். நிற்கவேயில்லை.

ஓவியா பயந்துபோய் என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். எல்லாம் யூடியூப் அறிவிப்புகள். ‘உங்கள் கருத்தை 214 பேர் விரும்பியுள்ளனர்.’ ‘உங்கள் கருத்துக்கு ஒருவர் பதிலளித்துள்ளார்.’ பதில்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ‘அன்னைக்கே கேட்டீங்களே ஐயா, நீங்கதான் தெய்வம்.’ ‘இவரு சொன்னத யாரும் கண்டுக்கல.’ அக்கா இறந்த செய்தியைப் பார்த்து, நான் திரும்பிப் பார்க்கவே பயந்த அந்தப் பழைய விமர்சன வீடியோவுக்குப் போய், யாரோ அந்தக் கேள்வியைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ‘தம்பி இது பௌர்ணமி அன்னைக்கு வேலை செய்யுமா.’

அந்தக் கணக்கின் பெயர் மலையடி.

முதலில் எனக்குப் புரியவில்லை. மலையடியின் அறிவிப்பு அக்கா போனுக்கு ஏன் வருகிறது என்றுதான் யோசித்தேன். பிறகு கணக்கைத் திறந்தேன். மூன்று வருஷம். நானூற்றுச் சொச்சம் கருத்துகள். எல்லாம் என் வீடியோக்களுக்கு மட்டும். ஈரக் கையோடு தொட்டால் வேலை செய்யுமா. அடுப்புச் சூட்டில் வைத்தால் என்ன ஆகும். நல்லா பேசின தம்பி. இன்னிக்கி ஏன் தம்பி முகம் வாடி இருக்கு சாப்ட்டியா.

நான் மூளை என்று புகழ்ந்த நேரலைக்கு மறுநாள் ஞாபகம் வந்தது. அன்று நான் வீட்டுக்குப் போனபோது அக்கா தட்டு நிறைய அதிரசம் சுட்டு வைத்திருந்தாள். தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, என்ன விசேஷம் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நானும் ரெண்டு தின்றுவிட்டு, எண்ணெய் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

“இன்னா மாமா? இன்னா ஆச்சு?” என்று ஓவியா கேட்டாள்.

போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். கேமராவை அணைத்தேன். லேப்டாப்பில் அந்த வீடியோவைத் திறந்து, அக்கா கேட்ட கேள்விக்குக் கீழே போனேன். அங்கே நான் போட்ட சிவப்பு இதயம் இருந்தது. சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நான் எழுதியது இருந்தது. சரி தம்பி அவசரமில்ல என்று அவள் சொன்னது இருந்தது. சோதனை நடந்துவிட்டது. முடிவை இன்னும் நான் சொல்லவில்லை.

கீழே எழுதினேன்.

‘வேலை செய்யாதுக்கா. நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன். நீ கடைய மூடிட்டு வீட்டுக்குப் போ. இல்லன்னா இரு, நான் வந்து நிக்கிறேன்.’

அனுப்பு என்பதை அழுத்தினேன். ஒரு செகண்டுகூட ஆகியிருக்காது. ஓவியாவின் கையில் இருந்த போன் டிங் என்றது.

அவள் குனிந்து படித்தாள். மேலே போய்க் கேள்வியைப் படித்தாள். மறுபடி கீழே வந்து என் பதிலைப் படித்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே கஃபேயில் யாரோ கிளாஸ்களை அடுக்கினார்கள். நாளைக்குப் பௌர்ணமி என்பதால் ரோட்டில் இப்போதே பஸ்கள் வரிசைகட்டத் தொடங்கியிருந்தன.

“அம்மாவா மாமா இது?” என்றாள்.

தலையாட்டினேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், மாடிப்படியின் மேல்படியில், மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு போனை வாய்க்கருகே கொண்டுபோய் ஏதோ மெதுவாகப் பேசினாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

லேப்டாப்பில், என் பதிலுக்குக் கீழே, மலையடியிடமிருந்து புதிதாக ஒரு வரி வந்தது. புள்ளி இல்லை, கமா இல்லை.

‘அம்மா ஏன் மாமா உங்ககிட்ட வீட்லயே கேக்கல’

அதற்கு எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கு மேலே சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. அவள் இன்னும் படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கையில் அக்காவின் போனோடு.